பாக்கும் பாப்பும்: வாத்திய இசையில் இரண்டும் எப்படிச் சேர்கின்றன?

பாடகர் இல்லாமல் வயலினும் செல்லோவும் பியானோவும் மட்டும் வாசிக்கும் பாப் பாடல்களை இணையத்தில் எல்லோரும் கேட்டிருப்போம். மெட்டு தெரிந்த மெட்டுதான். ஆனால் அதன் அடியில் ஐரோப்பாவின் பழைய செவ்வியல் இசையமைப்பாளர்களான பாக்கோ பீத்தோவனோ விவால்டியோ எழுதிய ஏதோ ஒன்று ஓடிக்கொண்டிருக்கும். சில பதிவுகளில் இரண்டும் ஒன்றுக்காக ஒன்று பிறந்த மாதிரி பொருந்திவிடும். வேறு சிலவற்றில் ஒரு சிம்பொனித் துண்டு, பிறகு ஒரு பாப் துண்டு, மறுபடி சிம்பொனி என்று மாறி மாறி வரும். கேட்டு முடித்தால் மனதில் எதுவும் தங்காது. இந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். மேற்கத்திய இசை படித்திருக்க வேண்டியதில்லை. ச ரி க ம ப த நி தெரிந்தால் போதும்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கேட்பவர் காது மெட்டின் மேல்தான் இருக்கும். கலப்பு நிற்குமா விழுமா என்பதை முடிவு செய்வது மெட்டு அல்ல, பேஸும் (அடியில் ஓடும் தாழ்ந்த ஸ்வர வரி) தாளமும்தான். அங்கே இரண்டு பாட்டுக்கும் பொதுவான இடம் கிடைத்துவிட்டால், மேலே மெட்டுகள் எவ்வளவு தூரமானவையாக இருந்தாலும் சேர்த்துவிடலாம். கிடைக்காவிட்டால் எத்தனை வயலின் வைத்தாலும் ஒட்டாது.

எதைக் கலப்பு என்கிறோம்?

ஒரு பாப் பாடலை அப்படியே ஸ்ட்ரிங் குவார்டெட்டுக்கு, அதாவது இரண்டு வயலின், ஒரு வயோலா, ஒரு செல்லோவுக்கு எழுதி வாசிப்பது ஒரு வகை. அதில் செவ்வியல் வாத்தியம் இருக்கிறது, செவ்வியல் இசை இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. இதற்கு நேர் எதிர், பழைய செவ்வியல் படைப்பை எடுத்து அடியில் டிரம்ஸ் போடுவது. 1976இல் வால்டர் மர்ஃபி பீத்தோவனின் ஐந்தாம் சிம்பொனியை டிஸ்கோவாக்கினார். அது அமெரிக்காவின் பில்போர்டு பாடல் தரவரிசைப் பட்டியலில் முதலிடத்துக்குப் போனது. 1981இல் ராயல் ஃபில்ஹார்மோனிக் ஆர்கெஸ்ட்ரா, பிரபலமான செவ்வியல் மெட்டுகளை வரிசையாகக் கோத்து, எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே மாதிரியான பீட் ஓட ஒரு ஆல்பம் வெளியிட்டது. அதுவும் நன்றாக விற்றது.

இந்த இரண்டில் மர்ஃபி செய்ததைத்தான் நான் உயர்வாக நினைக்கிறேன். அவர் பீத்தோவனின் வரிகளுக்கு நடுவே டிஸ்கோவுக்கே உரிய புதுப் பகுதிகளை எழுதிச் சேர்த்தார். பீத்தோவனின் துணுக்கு அந்தப் புதுப் பாட்டுக்குள் ஒரு வேலை செய்கிறது. இரண்டாவதில் எல்லா மெட்டுகளும் ஒரே பீட்டுக்குள் நசுங்கி, எல்லாமே ஒரே அளவில் ஆகிவிடுகின்றன.

மூன்றாவது வகைதான் நமக்கு முக்கியம்: இரண்டு தனித்தனிப் படைப்புகள் ஒரே நேரத்தில் ஒலிப்பது. இது இணையம் வந்த பிறகு பிறந்த பழக்கம் அல்ல. பாக் 1722இல் தொகுத்த விசைப்பலகை நூலின் முதல் துண்டு, சி மேஜர் பிரலூட் என்ற குட்டி முன்னிசை. அதில் மெட்டு என்று தனியாக ஒன்று கிடையாது. ஒவ்வொரு பாரிலும் (பார் என்றால் தாளத்தின் ஒரு சுற்று) ஒரு கார்டை, அதாவது சேர்ந்து ஒலிக்க வேண்டிய ஸ்வரக் கூட்டத்தை, உடைத்து, ஸ்வரம் ஸ்வரமாக உதிர்த்துக்கொண்டே போகும். 1853இல் பிரெஞ்சு இசையமைப்பாளர் ஷார்ல் குனோ அந்தப் பிரலூடைக் கீழே ஓடவிட்டு, அதன் மேல் தன் காலத்துப் பாடல் பாணியில் ஒரு நீண்ட மெட்டை வைத்தார். முதலில் அது வாத்தியங்களுக்காகவே வந்தது. பிறகுதான் ‘ஆவே மரியா’ என்ற பிரார்த்தனை வரிகள் அதில் ஏறின. நூற்று முப்பது ஆண்டு இடைவெளி உள்ள இரண்டு இசைகள், ஒரே நேரத்தில். இன்றைய செல்லோக் கலைஞர்கள் செய்வதும் அடிப்படையில் இதுவேதான்.

பேஸ் என்ற ரகசியம்

கார்டு என்றால் ஒரே நேரத்தில் ஒலிக்கும் மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட ஸ்வரங்கள். ச-வை அடியில் வைத்து ச, க, ப மூன்றையும் சேர்த்து அடித்தால் அது ச கார்டு. ஒரு ஸ்வரம் விட்டு ஒரு ஸ்வரமாக எடுத்துக்கொண்டே போக வேண்டும்: ப-விலிருந்து தொடங்கினால் ப, நி, ரி. த-விலிருந்து த, ச, க. ம-விலிருந்து ம, த, ச. இங்கே சொல்லும் ஸ்வரங்கள் எல்லாம் சங்கராபரணத்தின் ஸ்வரங்கள். மேற்கின் மேஜர் ஸ்கேலும் அதேதான்.

இப்போது ஒரு நிஜ உதாரணத்தைப் பிரித்துப் பார்க்கலாம். ஜெர்மனியின் யோஹான் பாகெல்பெல் எழுதிய டி மேஜர் கேனன். மூன்று வயலின்கள் ஒன்றன் பின் ஒன்றாக அதே வரியைத் துரத்த, அடியில் பேஸ் வாத்தியம் எட்டே ஸ்வரங்களைத் திரும்பத் திரும்ப வாசிக்கும். டி-யை ச என்று வைத்தால் அந்த எட்டு ஸ்வரங்கள் இவை: ச ப த க ம ச ம ப. இந்தச் சுற்று 28 முறை வருகிறது. மேலே வயலின்கள் எவ்வளவு பறந்தாலும் கீழே ஒன்றும் மாறாது.

பாப் இசையில் அளவுக்கு அதிகமாகப் புழங்கும் கார்டு சுற்று ஒன்று உண்டு: ச ப த ம. நான்கு பாருக்கு நான்கு கார்டு, பிறகு மறுபடி முதலிலிருந்து. எண்ணற்ற பாடல்களின் கோரஸ் இதன் மேல் நிற்கிறது. பாகெல்பெல்லின் முதல் மூன்று ஸ்வரங்களைப் பாருங்கள், ச ப த. பாப் சுற்றின் முதல் மூன்றும் அவைதான். இந்தக் கேனனைப் பாப் பாடல்களோடு சேர்க்க எல்லோரும் ஓடுவதற்குக் காரணம் இதுதான்.

ஆனால் மூன்றோடு ஒற்றுமை முடிகிறது. ஒரு பாருக்கு ஒரு ஸ்வரம் என்று பாகெல்பெல்லை மெதுவாக்கி, எட்டு பாரில் பாப் சுற்றை இரண்டு முறை ஓடவிட்டு இரண்டையும் பக்கத்தில் வைப்போம். நான்காவது பாரில் பாப் மெட்டு ம கார்டின் மேல் இருக்கும்: ம, த, ச. அப்போது பாகெல்பெல் க-வில் நிற்கிறார், அவருடைய கார்டு க, ப, நி. இரண்டுக்கும் பொதுவாக ஒரு ஸ்வரம்கூட இல்லை. அதைவிட மோசம், ச-வுக்கும் நி-க்கும் நடுவே அரை ஸ்வரம்தான் இடைவெளி. ம-வுக்கும் க-வுக்கும் அப்படியே. சேர்த்து வாசித்தால் பல் கூசும்.

ஐந்தாவது பார் பரவாயில்லை. பாப் ச-வுக்குத் திரும்பியிருக்கும், பாகெல்பெல் ம-வில். இரண்டு கார்டிலும் ச இருக்கிறது. ஆறாவதில் ப பொது. ஏழாவதில் த-வும் ச-வும் பொது, அங்கே கவலையே இல்லை. எட்டாவதில் மறுபடி சிக்கல்: பாப் ம-வில், பாகெல்பெல் ப-வில். பொது ஸ்வரம் இல்லை. ஆனால் மெட்டு அந்த இடத்தில் ம-வில் நின்றால் அழகாகவே இருக்கும். ப கார்டின் மேல் ம-வைச் சேர்த்தால் மேற்கத்திய இசையின் மிக முக்கியமான ஏக்கக் கார்டு கிடைக்கிறது. அது அடுத்து ச-வுக்குப் போகத் துடிக்கும், சுற்றும் ச-வில்தான் தொடங்கப் போகிறது.

பாடலை வாத்தியங்களுக்குப் பிரித்து எழுதும் அரேஞ்சரின் வேலை என்ன என்று இங்கே தெளிவாகத் தெரிகிறது. எட்டில் ஆறு பார் தானாகப் பொருந்துகின்றன அல்லது சின்னத் தட்டலில் பொருந்திவிடும். எட்டாவதற்கு ஒரு வழி இருக்கிறது. நான்காவதில் யாராவது ஒருவர் விட்டுக்கொடுத்தாக வேண்டும். பேஸை அந்த ஒரு பாரில் மட்டும் ம-வாக மாற்றலாம். அப்போது பாகெல்பெல் கொஞ்சம் தேய்கிறார், பெரும்பாலானோருக்குத் தெரியாது. அல்லது பேஸைத் தொடாமல் மெட்டை அரை பாருக்குப் பொறுத்திருக்கச் சொல்லலாம். அப்போது பாப் பாடலை மனப்பாடமாகத் தெரிந்தவருக்குக் காது சட்டென்று விழித்துக்கொள்ளும். நானாக இருந்தால் முதல் சுற்றில் பேஸை மாற்றுவேன். கேட்பவர் மெட்டில் காலூன்றிய பிறகு, இரண்டாவது சுற்றில் மெட்டைத் தள்ளிவைத்து பாகெல்பெல்லை முழுசாகக் கேட்கவிடுவேன்.

இரண்டு படைப்புகளும் வேறு வேறு சுருதியில் இருப்பது ஒரு பிரச்சினையே அல்ல. ஒன்றைத் தூக்கியோ இறக்கியோ சமன் செய்துவிடலாம். வாத்தியத்துக்கு எது வசதி என்பதைத்தான் பார்க்க வேண்டும். வயலினின் நான்கு கம்பிகள் ஜி, டி, ஏ, ஈ. செல்லோவின் கம்பிகள் சி, ஜி, டி, ஏ. இந்தச் சுருதிகளுக்குப் பக்கத்தில் இருக்கும் ஸ்கேலில் எழுதினால் விரல் வைக்காத கம்பிகளும் கூடவே அதிர்ந்து ஒலி நிறைந்து வரும். கேனன் டி மேஜரில் இருப்பதை மாற்றாமல் பாப் பாடலை டி-க்குக் கொண்டுவருவது நல்லது என்பதற்கு இதுவே காரணம்.

தாளத்தில்தான் தகராறு

பாப் தாளம் கணக்குப் போட்ட மாதிரி சீராக ஓடும். நான்கு பீட், அதில் இரண்டாவதும் நான்காவதும் அழுத்தம்; டிரம்ஸில் ஸ்னேர் விழும் இடம் அது. செவ்வியல் இசையின் நேரம் மூச்சு விடும். வரி முடியும் இடத்தில் கொஞ்சம் இழுக்கும், உச்சத்துக்குப் போகும்போது கொஞ்சம் ஓடும். இரண்டையும் சேர்க்கும்போது பெரும்பாலும் பாப்தான் ஜெயிக்கும், ஏனென்றால் பீட் ஒருமுறை தொடங்கிவிட்டால் அதை இழுக்க முடியாது.

பீத்தோவனின் ஐந்தாம் சிம்பொனியின் தொடக்கம் எல்லோருக்கும் தெரியும். மூன்று குட்டை ஸ்வரம், ஒரு நீளமான ஸ்வரம். கேட்கும்போது குட்டை ஸ்வரங்கள்தான் முதலில் வருவதாகத் தோன்றும். எழுதியிருப்பதில் அவற்றுக்கு முன்னால் ஒரு சின்ன மௌனம் உண்டு. இதை நான்கு பீட் தாளத்தில் வைத்தால், முதல் பீட்டில் மௌனம், அது முடிந்ததும் மூன்று குட்டை ஸ்வரங்கள், மூன்றாவது பீட்டில் நீளமானது இறங்கும். மோசமில்லை, ஆனால் பாப்பில் பலமான இடம் முதல் பீட். அதனால் முழுத் துணுக்கையும் அரை பார் முன்னால் தள்ளிவிடுங்கள். இப்போது குட்டை ஸ்வரங்கள் முந்தைய பாரின் கடைசியில் ஓடிவர, நீளமானது அடுத்த பாரின் முதல் பீட்டில் கிக் டிரம்மோடு சேர்ந்து விழும். ஒரு ஸ்வரத்தையும் மாற்றவில்லை. பீத்தோவன் பாப்புக்குள் வந்துவிட்டார்.

ஆனால் பீத்தோவன் அந்த நீளமான ஸ்வரத்தின் மேல் ஒரு குறி போட்டிருக்கிறார்: ஆர்கெஸ்ட்ராவை நடத்தும் கண்டக்டர் விரும்பும் வரை பிடித்து நிறுத்தலாம் என்று அர்த்தம். சிம்பொனியின் மிரட்டலே அந்தப் பிடியில்தான் இருக்கிறது. பீட் ஓடும்போது அது சாத்தியமில்லை. என்ன செய்யலாம்? பீட் தொடங்குவதற்கு முன்னாலேயே, ஆரம்பத்தில் ஒருமுறை அதைச் சுதந்திரமாக வாசித்துவிடலாம். அல்லது நடுவில் பீட்டையே ஒரு பாருக்கு நிறுத்திவிட்டு, அந்த வெற்றிடத்தில் வைக்கலாம். இரண்டாவது வழி எனக்கு ரொம்பப் பிடிக்கும். எல்லோரும் தாளத்துக்குத் தலையாட்டிக்கொண்டிருக்கும்போது சட்டென்று தாளம் காணாமல் போவது பீத்தோவனுக்கு நியாயம் செய்கிறது.

மூன்று பீட் வால்ட்ஸ் மெட்டை நான்கு பீட்டுக்குள் கொண்டுவர, ஒவ்வொரு பாரிலும் ஏதாவது ஒரு ஸ்வரத்தை ஒரு பீட் நீட்டினால் போதும். எந்த ஸ்வரம் என்பது காது சொல்லும்.

சரி, டிரம்ஸ் வேண்டுமா? கலப்பு செய்யப் புதிதாக வருபவர்கள் முதலில் தேடுவது டிரம் லூப்பைத்தான், அதாவது திரும்பத் திரும்ப ஓடும் டிரம்ஸ் பதிவைத்தான். எனக்கு அதில் உடன்பாடில்லை. டிரம்ஸ் வந்ததும் ஸ்ட்ரிங்ஸின் மெல்லிய ஒலிகள் எல்லாம் மூழ்கிவிடும், பிறகு மைக்கில் ஏற்றிக் கத்த வைக்க வேண்டும். தாளத்தை வாத்தியங்களுக்குள்ளேயே தேடுவது நல்லது. 1966இல் பீட்டில்ஸ் வெளியிட்ட ‘எலினார் ரிக்பி’யில் கிட்டாரும் இல்லை, டிரம்ஸும் இல்லை. நான்கு வயலின், இரண்டு வயோலா, இரண்டு செல்லோ, அவ்வளவுதான். அவர்களுடைய தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டின் எழுதிய குட்டைக் குட்டையான வெட்டுகளே பாடலைத் தள்ளிக்கொண்டு போகின்றன. விவால்டியின் ‘நான்கு பருவங்களில்’ கோடைக்காலத்தின் கடைசிப் பகுதி இன்னொரு நல்ல பாடம்: ஒரே ஸ்வரத்தைப் படபடவென்று அடித்துக்கொண்டே போகும் அந்த வாசிப்பு, ரிதம் கிட்டார் செய்ய வேண்டிய வேலையை முழுசாகச் செய்துவிடும்.

இதைத் தாண்டி ‘சாப்’ என்று ஒரு வாசிப்பு முறை இருக்கிறது. வில்லின் கைப்பிடிப் பக்கத்தை, கம்பியின் மேல் செங்குத்தாகச் சின்னதாகப் போட வேண்டும். ஸ்வரம் வராது, ‘சக்’ என்று ஸ்னேர் மாதிரி ஒரு சத்தம் மட்டும் வரும். 1960களில் அமெரிக்கப் புளூகிராஸ் இசையில் ஃபிடில் வாசித்த ரிச்சர்ட் கிரீன் இதைக் கொண்டுவந்தார். பிறகு ஸ்ட்ரிங் குவார்டெட்டுகளுக்குப் பரவியது. இரண்டாவது, நான்காவது பீட்டில் வயோலா இந்த ‘சக்’கைப் போட, செல்லோ கம்பியை விரலால் சுண்டி பேஸ் வாசித்தால், நான்கு பேர் குழுவுக்குள் ஒரு முழு ரிதம் செக்ஷன் கிடைத்துவிடும். இன்னும் இரண்டு வயலின் மெட்டுக்கு மிச்சம் இருக்கிறது. பியானோவையும் செல்லோவையும் மையமாக வைத்து இயங்கும் பியானோ கைஸ் குழு, வாத்தியத்தின் மரத்தைத் தட்டுவது, பியானோவின் உள்ளே இருக்கும் கம்பிகளை மீட்டுவது என்று இதை இன்னும் தூரம் கொண்டுபோகிறது.

சொல் போன பிறகு மெட்டுக்கு என்ன மிஞ்சுகிறது?

இது பலரும் எதிர்பார்க்காத இடம். நமக்குப் பிடித்த பாப் பாடலின் சரணத்தை வயலினில் அப்படியே வாசித்துப் பார்த்தால் பல நேரம் ஏமாற்றம்தான். காரணம் எளிது. பாப் சரணங்களில் மெட்டு அதிகம் நகராது. ஒரே ஸ்வரத்தில் ஏழெட்டு அசைகள் வரிசையாக வரும். பாடகர் பாடும்போது ஒவ்வொரு அசைக்கும் வேறு உயிரெழுத்து, வேறு மெய், ஒரு பெருமூச்சு, ஒரு கரகரப்பு. நாம் ரசித்தது அதையெல்லாம்தான். சொல்லை எடுத்துவிட்டால் மிஞ்சுவது க க க க க க ரி.

இதைச் சரிசெய்ய முதலில் கைவைக்க வேண்டியது வில். பாடகர் எந்தச் சொல்லை அழுத்துகிறாரோ அங்கே வில்லின் திசையை மாற்ற வேண்டும். இழுத்துப் பேசும் இடத்தில் மூன்று நான்கு ஸ்வரங்களை ஒரே வில்லில் சேர்த்துவிட வேண்டும். பாடல் வரிகளை ஸ்வரத்தாளின் கீழே எழுதிவைத்துக்கொண்டு வாசிப்பது நல்ல பழக்கம். கேட்பவருக்கு வரி கேட்காது, ஆனால் பேச்சின் மேடுபள்ளம் கேட்கும்.

அதற்கப்புறம் இடமாற்றம். முதல் சரணத்தைச் செல்லோவின் நடு ஸ்தாயியில் வைத்தால், இரண்டாவதை வயலினுக்கு ஒரு ஸ்தாயி மேலே கொடுக்கலாம். செல்லோவுக்கு ஒரு தனிச் சலுகை உண்டு: ஆண் குரலின் அடியிலிருந்து பெண் குரலின் உச்சம் வரை அதன் எல்லைக்குள் வரும். அதனால்தான் இந்த வகை இசையில் செல்லோ நாயகனாக இருக்கிறது. டூ செல்லோஸ் என்ற இருவர் குழு 2011இல் மைக்கேல் ஜாக்சன் பாடல் ஒன்றை இரண்டே செல்லோவில் வாசித்து வெளியிட்டது. ஒருவர் மெட்டு வாசிக்கும்போது மற்றவர் தாளமும் பேஸும். கொஞ்ச நேரத்தில் பாத்திரம் மாறும். இரண்டு வாத்தியம்தான் என்பதே மறந்துபோகும்.

பியானோவுக்கு வேறு கஷ்டம். கட்டையை அழுத்திய கணத்திலிருந்து ஒலி தேயத் தொடங்கும். பாடகர் நான்கு பீட் பிடித்து நிற்கும் ஸ்வரம் பியானோவில் இரண்டாவது பீட்டிலேயே மெலிந்துவிடும். அந்த இடத்தைக் கை நிரப்பியாக வேண்டும். செவ்வியல் துணுக்கை நுழைக்க இதைவிட நல்ல இடம் கிடையாது. மெட்டு எங்கே நிற்கிறதோ அங்கே பாக் ஓடட்டும். மெட்டு நகரும்போது பாக் பொறுத்திருக்கட்டும். இரண்டு பேர் ஒருவர் பேச்சை ஒருவர் வெட்டாமல் பேசுவது போல இருக்கும். இரண்டு வரிகள் தனித்தனியே முழுமையாகவும் சேர்ந்தும் ஒலிப்பதைக் கவுன்டர்பாயின்ட் என்பார்கள். பாக்கின் பெரிய சொத்து அதுதான். கலப்பிசை அவரிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய முதல் பொருளும் அதுதான் என்பேன்.

2011இல் பியானோ கைஸ், பீத்தோவனின் ஐந்தாம் சிம்பொனியையும் ஒன்ரிபப்ளிக் குழுவின் பாடல் ஒன்றையும் சேர்த்து, செல்லோவை முன்னிறுத்தி ஆர்கெஸ்ட்ராவோடு ஒரு படைப்பு வெளியிட்டார்கள். எல்லோருக்கும் தெரிந்த அந்த நான்கு ஸ்வரத்தோடு நிற்காமல், சிம்பொனியின் மற்ற பகுதிகளிலிருந்தும் மெட்டுகளை எடுத்தார்கள். கேட்டுப் பாருங்கள், பாப் மெட்டு எங்கே முடிந்து பீத்தோவன் எங்கே தொடங்குகிறார் என்று கோடு கிழிப்பது கஷ்டம்.

ராகத்தோடு சேர்க்கும்போது

கர்னாடக இசையோடு பாப்பைச் சேர்க்க விரும்புகிறவர்களுக்கு இன்னொரு சிக்கல் கூடுதலாக உண்டு. ராகத்தில் கார்டு கிடையாது. கார்டு போட்டால் ராகத்தில் இல்லாத ஸ்வரம் உள்ளே நுழைந்துவிடலாம். மோகனத்தை எடுத்துக்கொள்ளுங்கள்: ச ரி க ப த. அதே நான்கு பாப் கார்டுகளை அடியில் போட்டால் ச கார்டும் த கார்டும் மோகனத்துக்குள்ளேயே அடங்கும். ப கார்டு நி-யைக் கூட்டிவரும், ம கார்டு ம-வையே கூட்டிவரும். மோகனத்தின் முகமே ம-வும் நி-யும் இல்லாததுதான். ப கார்டில் நடு ஸ்வரத்தை விட்டுவிட்டு ப, ரி என்று மட்டும் வாசிப்பது, ம கார்டில் ம-வுக்குப் பதில் த-வை நீட்டிப்பது என்று வழி காணலாம். கமகம் வேறு இருக்கிறது. அசையும் ஸ்வரத்தின் அடியில் பியானோவின் அசையாத ஸ்வரம் நின்றால் இரண்டும் உரசும். அங்கே பியானோ ஒதுங்கி நிற்பதே மரியாதை.

யாரிடம் அனுமதி வாங்க வேண்டும்?

பாக் 1750இலும் பீத்தோவன் 1827இலும் இறந்தவர்கள். அவர்கள் எழுதிய இசை எல்லோருக்கும் பொது. பாப் பாடல் அப்படியல்ல. இந்தியாவில் ஒரு இசைப் படைப்பின் உரிமை, அதை உருவாக்கியவர் இறந்து 60 ஆண்டு வரை நீடிக்கும். ஐரோப்பிய நாடுகளில் 70. சொல்லை எடுத்துவிட்டு வாத்தியத்தில் மட்டும் வாசித்தாலும் மெட்டு அவருடையதுதான். வெளியிட அனுமதி வேண்டும். செவ்வியல் பக்கத்திலும் ஒரு கண்ணி இருக்கிறது. பாக்கின் இசை பொது, ஆனால் ஒரு கலைஞர் அதை வாசித்து வெளியிட்ட ஒலிப்பதிவு பெரும்பாலும் பொது அல்ல. அதிலிருந்து நான்கு பார் வெட்டி எடுத்துப் போடக் கூடாது. நீங்களே வாசித்துக்கொள்ளுங்கள்.

பழைய இசை என்றாலே இலவசம் என்று நினைத்துவிடக் கூடாது என்பதற்கு அமெரிக்கப் பாடகர் எரிக் கார்மெனின் கதை உதாரணம். 1975இல் அவர் ஒரு பாடலின் சரணத்துக்கு ரஷ்ய இசையமைப்பாளர் ரக்மானினாஃபின் இரண்டாவது பியானோ கான்செர்ட்டோவின் மெட்டை எடுத்தார். அது பொதுச்சொத்து என்று நம்பியிருந்தார். அமெரிக்காவில் அப்படித்தான், வெளியே அப்படியில்லை. ரக்மானினாஃப் இறந்தது 1943இல்தான். கடைசியில் அவருடைய வாரிசுகளோடு ராயல்டியைப் பகிர்ந்துகொள்ள வேண்டியதாயிற்று.

கீபோர்டு இருந்தால் இப்போதே செய்து பார்க்கலாம்

பாக்கின் அந்த சி மேஜர் பிரலூடின் அச்சு மிக எளியது. ஒரு பாருக்கு ஒரு கார்டு. இடது கையில் இரண்டு ஸ்வரம், வலது கையில் மூன்று. ச, க என்று இடது கை. பிறகு ப, மேல் ச, மேல் க என்று வலது கை. அந்த மூன்றையும் இன்னொரு தடவை. மொத்தம் எட்டு ஸ்வரம். அதையே மறுபடி வாசித்தால் ஒரு பார் முடிந்தது. இந்த அச்சில் ச ப த ம என்ற நான்கு பாப் கார்டுகளையும் வாசித்து, மேலே உங்களுக்குத் தெரிந்த பாடல் ஒன்றை முணுமுணுத்துப் பாருங்கள். பாக் வாசம் லேசாக வரும், ஆனால் முழுசாக வராது.

ஏன் என்றால் பேஸ் குதிக்கிறது. ச-விலிருந்து ப-வுக்கு ஒரு தாவல், அங்கிருந்து த, பிறகு ம-வுக்கு இன்னொரு தாவல். பாக் தேவையில்லாமல் தாவ மாட்டார். அந்தப் பிரலூடின் முதல் நான்கு பாரில் பேஸ் போகும் தூரமே ச, ச, நி, ச என்று ஒரு படி இறங்கி ஏறுவதுதான். நாமும் அப்படியே செய்வோம். இரண்டாவது பாரில் ப கார்டை வாசிக்கும்போது அடியில் ப-வை வைக்காமல், அதே கார்டில் இருக்கும் கீழ் நி-யை வையுங்கள். அடுத்தது த. த பாரின் கடைசி பீட்டில் பேஸ் மட்டும் ப-வைத் தொட்டுவிட்டு ம-வுக்கு இறங்கட்டும். இப்போது பேஸ் ச, நி, த, ப, ம என்று படிப்படியாக இறங்குகிறது. மெட்டு அப்படியே இருக்க, பாட்டின் நிறம் மட்டும் மாறியிருக்கும்.

ம-விலிருந்து மறுபடி ச-வுக்குப் போக ஒரு பாலம் வேண்டும். நான்காவது பாரின் கடைசி பீட்டில் ப கார்டை நுழைத்தால் சுற்று தானாக மூடிக்கொள்ளும். மெட்டு அந்த பீட்டில் ச-வில் நீண்டு நின்றால் மட்டும் அடியில் நி-யைத் தவிர்த்து ப, ரி இரண்டை வைத்துக்கொள்ளுங்கள். அந்த ச, கார்டோடு உரசாமல் அடுத்த பாரின் ச-வோடு சேர்ந்துவிடும்.